திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

தமிழ்நாட்டில் எழுத்தறிவு மிகுந்த மாவட்டம் எது என்று கேட்டால் கன்னியாகுமரி என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு. எங்கள் ஊர் மேடைகளில் இந்த எண்ணைச் சொல்லாமல் கல்வி விழா நடப்பதில்லை. இந்தப் பெருமை சும்மா வந்ததில்லை. 1817-ல் ராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்ட திருவிதாங்கூரின் தென்கோடிதான் இன்றைய குமரி மாவட்டம். அதற்கும் முன்பே, 1806-ல், ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் மயிலாடிக்கு வந்து சேர்ந்தார். 1809-ல் அங்கே தொடங்கிய சிறு பள்ளியில்தான் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வேரைத் தேடுகிறது. பெண்பிள்ளைகளைப் படிக்க வைப்பதே கேலிக்குரியதாக இருந்த காலத்தில், 1819-ல் டதி பெண்கள் பள்ளி பிறந்தது. வாத்தியார்கள் நடந்தும் வண்டி கட்டியும் ஊர் ஊராகப் போனார்கள். வீட்டு முற்றத்தில் நின்று, 'பிள்ளையை அனுப்புங்கள்' என்று கேட்டார்கள். 91.75 என்ற எண்ணுக்குள் இரண்டு நூற்றாண்டு மனிதர்களின் நடை இருக்கிறது.

அந்த மாவட்டத்துக்குள் கல்வி இன்று கைபேசி வழியாக வருகிறது. எப்படி வந்தது, எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்று ஒட்டுமொத்தமாகப் பார்க்க வேண்டிய நேரம் இது. கொரோனாக் காலத்தின் அவசரமும் அச்சமும் தணிந்துவிட்டன. அன்று மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்போது மீசை அரும்பும் வயதில் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படிப் படிப்பது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு இணையம் பெரிய வரம். படிக்க இப்போதுதான் பழகும் குழந்தைக்கு அது மட்டும் போதவே போதாது. இந்த இரண்டு நிலைமைகளையும் 'ஆன்லைன் கல்வி' என்ற ஒரே பெயரில் பேசுவதால்தான் வாதங்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஆசிரியர் ஓரிடத்தில், மாணவர் வேறோரிடத்தில் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதில்லை. 1962-ல் டெல்லி பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் அதைத் தென்தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்தில் 'கரஸ்பாண்டன்ஸில் படிச்சேன்' என்று சொல்லும் ஒரு தலைமுறையே உண்டு. பகலில் கூட்டுறவு சொசைட்டியில் கணக்கு எழுதியவர்கள், இடைநிலை ஆசிரியர்கள், பஸ் கண்டக்டர்கள் எல்லாரும் தபாலில் வந்த பாடக்கட்டுகளை வைத்துக்கொண்டு பட்டதாரி ஆனார்கள். சனி, ஞாயிறுகளில் 'காண்டாக்ட் கிளாஸ்' இருக்கும். பட்டம் வாங்கியவர்களிடம் பேசிப் பார்த்தால், அவர்கள் நினைவில் நிற்பது அந்தத் தபால் கட்டு அல்ல. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சந்தித்த பேராசிரியரையும், பக்கத்து பெஞ்சு நண்பரையும், சேர்ந்து குடித்த டீயையும்தான் சொல்கிறார்கள்.

பிறகு வந்தவை விரைவாக வந்தன. 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் பாடங்கள் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயின. ஆங்கிலத்தில் இருந்ததால் கிராமத்து வீடுகளில் அவற்றைப் பார்த்தவர்கள் குறைவு. 1985-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டின் கனியாக 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தமிழர்களின் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி போன்றவர்களின் உழைப்பு அதில் உண்டு. தமிழில் இணையக் கல்வி என்ற எண்ணம் கூகுள் மீட்டுக்கெல்லாம் வெகு முன்பே பிறந்துவிட்டது என்பதை இளைய தலைமுறை அறிய வேண்டும். 2003-ல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கி, தங்கள் வகுப்பறைப் பாடங்களை இலவசமாக வெளியே விட்டன. 2017-ல் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வந்தது. தமிழ்நாட்டில் 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். கட்டங்கள் அச்சாயின. 2019 ஆகஸ்ட் 26-ல் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது.

இத்தனைக்கும் அடியில் ஓடிய மாற்றம் கல்வித்துறையிலிருந்து வந்ததல்ல. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் டேட்டா விலை சரிந்தது. அதற்கு முன் மாதம் ஒரு ஜிபியை எண்ணி எண்ணிச் செலவழித்தவர்கள், அதன்பின் நாளுக்கு ஒரு ஜிபி என்று பேச ஆரம்பித்தார்கள். இணையக் கல்வி பெருகியதற்கு எந்தக் கல்விக் கொள்கையையும்விட இந்த விலைச்சரிவுதான் பெரிய காரணம்.

அடுத்தது 2020. மார்ச் மாதம் பள்ளிகள் மூடின. ஜூன் 9-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து, எல்லாரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. தனியார் பள்ளிகள் ஜூம், மீட் என்று வகுப்பெடுத்தன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சியும், ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீட்டுப்பாடமும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரியில் திறந்து, மறுபடி மூடி, செப்டம்பரில் திறந்தன. ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1-ல். ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பு ஆசிரியை யாரென்றே தெரியாமல் இரண்டாம் வகுப்புக்கு ஏறிவிடக்கூடிய அளவு நீண்ட காலம் அது.

பள்ளிகள் மூடிக் கிடந்த அந்தக் காலத்தில், ஒரு ஜூனில், குலசேகரம் பக்கத்தில் என் அக்காள் வீட்டில் சில நாள் இருந்தேன். அத்தான் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றே ஒன்று, அதுவும் அக்காளுடையது. அக்காள் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. காலை ஒன்பதரைக்கு வகுப்பு. முன்பக்கத் திண்ணையில் அரிசி அளக்கும் நாழியைக் கவிழ்த்து வைத்து, அதில் போனைச் சாய்த்து நிறுத்தினான். தென்மேற்குப் பருவமழை முழு வேகத்தில் இருந்தது. மேலே தகரக் கூரை. மழை தகரத்தில் விழும் சத்தத்தில் போனிலிருந்து ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. 'டீச்சர், ஒண்ணும் கேக்கல்ல டீச்சர்' என்று இவன் கத்துகிறான். இவன் குரல் அங்கே போகிறதா என்பதும் தெரியவில்லை. சற்று நேரத்தில் படம் உறைந்துவிட்டது. டீச்சரின் வாய் பாதி திறந்தபடி நின்றது. பிள்ளை முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, என்னைப் பார்த்து, 'மாமா, டீச்சர் நின்னு போனாங்க' என்றான். உறைந்த படத்தில் பலகையில் தெரிந்த ஒரு வரியை மூன்று முறை எழுதி வைத்தான். வகுப்பு முடிந்தது.

சாயங்காலம் அக்காள் அடுக்களை வேலையை ஒதுக்கிவிட்டு, ஒரு பென்சிலோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள். பத்து ரப்பர் விதைகளை எடுத்துவந்து மூன்று மூன்றாகப் பிரித்து, மிஞ்சுவது எத்தனை என்று கேட்டாள். மீதி வரும் வகுத்தல் அவனுக்குக் கால் மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. நாற்பது நிமிடத் திரைக்கும் கால் மணி நேர அம்மாவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் என்ன என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அந்த ஆசிரியையிடம் எந்தக் குறையும் இல்லை. அவரும் தன் வீட்டில் ஒரு மூலையில், மழைச் சத்தத்துக்கு நடுவே, முகம் தெரியாத நாற்பது கட்டங்களைப் பார்த்துத் தொண்டை வறளப் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

கடற்கரை ஊர்களில் சிக்கல் வேறு மாதிரி. வீட்டின் ஒரே போன் அப்பாவுடையது. வள்ளத்தில் விடியுமுன் கடலுக்குப் போகிறவர் போனையும் கொண்டுபோகிறார். அவர் கரை ஏறி, மீன் ஏலம் முடிந்து வீடு வரும்போது பிள்ளையின் வகுப்பு முடிந்திருக்கும். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர்கள் வாரக்கணக்கில் வீட்டுக்கு வருவதில்லை. இதே ஊர்கள்தாம் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் ஆண்களை இழந்தவை. அப்பா இல்லாத வீடுகளில் இரண்டாவது போன் வாங்குவது எளிதான காரியம் இல்லை. முந்திரி ஆலைக்கு, எங்கள் பேச்சில் அண்டி ஆபீசுக்கு, அம்மா போகும் வீடுகளிலும் பகலில் போன் வீட்டில் இருப்பதில்லை.

மலைக்குப் போனால் நிலைமை இன்னும் கடினம். 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் நீர்ப்பரப்பைப் படகில் தாண்டித்தான் தச்சமலை, தோட்டமலை போன்ற காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குப் போக முடியும். அங்கே 'ரேஞ்ச்' கிடைக்கிற பாறை எது, மேடு எது என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். நாமக்கல் மாவட்டத்தில் மாணவர்கள் சிக்னலுக்காக ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்து வகுப்புக் கேட்ட படத்தை 2021-ல் பத்திரிகைகள் வெளியிட்டன. பலர் அதை ஊக்கத்தின் அடையாளமாகப் பாராட்டினார்கள். எனக்கு அதைப் பார்த்து வயிறு கலங்கியது. படிக்க மரம் ஏற வேண்டிய பிள்ளையைப் பாராட்டுவதற்கு முன்னால், ஏற வைத்தவர்கள் யார் என்று கேட்க வேண்டாமா?

நாட்டு அளவிலான எண்களும் இதையே சொல்லின. 2017-18-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இணைய வசதி இருந்த வீடுகள் நகரத்தில் சுமார் 42 விழுக்காடு, கிராமத்தில் சுமார் 15. பள்ளிப் பிள்ளைகள் உள்ள கிராமத்து வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது 2018-ல் 36.5 விழுக்காடு என்றும், 2020-ல் 61.8 என்றும் ஏசர் என்ற கல்விநிலை ஆய்வறிக்கை சொல்கிறது. உயர்வு பெரிதுதான். ஆனால் வீட்டில் போன் இருப்பதும் பிள்ளையின் கையில் போன் இருப்பதும் வேறு வேறு. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்பதரை மணிக்கு மூன்று வகுப்பும் ஒன்றாக வந்தால், போன் பெரும்பாலும் மூத்த ஆண்பிள்ளையிடம் போனது. தங்கை தண்ணீர் பிடிக்கப் போனாள். இதைக் கணக்கெடுப்பில் பார்க்க முடியாது, தெருவில் நடந்தால் பார்க்கலாம்.

களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே 2020 ஜூன் 1-ல் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. டி.வி.க்கு ரீசார்ஜ் தேவையில்லை என்பதால் நல்ல முடிவாகவே தெரிந்தது. தொடங்கிய அன்றே மலப்புறம் மாவட்டத்தில், வகுப்பைப் பார்க்க வழியில்லாத ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த அதிர்ச்சிக்குப் பின் நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் சமூகக் கூடங்களிலும் டி.வி. வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். ஓர் இடம், ஒரு திரை, கூடவே ஒரு பெரியவர். அந்த அமைப்பு பேசப்பட்ட அளவுக்குப் பின்பற்றப்படவில்லை என்பது என் வருத்தம்.

இழப்பு எவ்வளவு? தமிழ்நாட்டுக்கு இதில் உறுதியான சான்று இருக்கிறது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பதினெட்டு மாத மூடலுக்குப் பின், 2021 டிசம்பரில், குழந்தைகள் தங்கள் வயதுக்குரிய நிலையிலிருந்து வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். மொழியில் ஏற்பட்ட இழப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கணிதத்தில். 2022 ஏசர் அறிக்கையிலும் இது தெரிந்தது. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் 2018-ல் 25.9 விழுக்காடாக இருந்து, 2022-ல் 11.2 ஆகக் குறைந்திருந்தார்கள். நாடு முழுவதும் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 27.3-லிருந்து 20.5-க்கு இறங்கினார்கள்.

ஆனால் அந்த மூவரின் ஆய்வில் இன்னொரு பாதியும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்குக்கு, அதாவது 24 விழுக்காட்டுக்கு, இல்லம் தேடிக் கல்வித் திட்டம் காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 2021 அக்டோபர் 27-ல் மரக்காணத்தில் தொடங்கிய திட்டம் அது. மாலை ஐந்து முதல் ஏழு வரை, பிள்ளைகளின் தெருவிலேயே, அதே ஊரைச் சேர்ந்த தன்னார்வலர் பாடம் சொல்லித் தருவார். மாத ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய். வந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். எங்கள் தெருவில் பி.எட். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த ஒரு பெண், சபைக் கட்டடத்தின் வராந்தாவில் பதினெட்டுப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார். பிள்ளைகள் அவரை டீச்சர் என்று கூப்பிடவில்லை, 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பாய், சாக்பீஸ், அட்டையில் வெட்டிய எழுத்துகள். பக்கத்தில் அக்காவின் போன். ஒரு பாட்டுக் காட்ட வேண்டுமென்றால் போனை எடுத்துக் காட்டுவார், முடிந்ததும் வைத்துவிடுவார். திரையை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

இது நம் பழைய வழிக்கும் அந்நியமில்லை. திண்ணைப் பள்ளியில் ஆசானுக்குக் கீழே சட்டாம்பிள்ளை இருப்பான். மணலில் எழுதிப் பழகும் சின்னவர்களுக்குப் பெரிய பையன் கைப்பிடித்துச் சொல்லிக் கொடுப்பான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த முறையைக் கண்டு, தன் பள்ளியில் பின்பற்றி, 1797-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்றே பேர் பெற்றது. கல்வியில் நாம் உலகுக்கு அனுப்பிய தொழில்நுட்பம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்: பக்கத்தில் உட்காரும் ஒரு பிள்ளை.

இனி நன்மைகள். இவற்றைக் குறைத்துச் சொன்னால் நியாயம் ஆகாது. ஏனெனில் எங்கள் மாவட்டத்து இளைஞர்களின் வாழ்வை இணையம் உண்மையாகவே விரித்திருக்கிறது. ஒரு சிறு ஊர்க் கல்லூரியில் நல்ல இயற்பியல் ஆசிரியர் இல்லையென்றால் முன்பெல்லாம் தலைவிதி என்று விடுவதுதான். இன்று அதே மாணவி சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியரின் முழு வகுப்பையும் இரவில் கேட்கிறாள். புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்கிறாள். வகுப்பறையில் 'சார், இன்னொரு தடவை சொல்லுங்க' என்று கேட்க எத்தனை பேருக்குத் துணிவு வந்திருக்கிறது? கூச்சமுள்ள பிள்ளைக்கு, மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு, காது சற்று மந்தமான பிள்ளைக்கு, இந்த நிறுத்தி ஓட்டும் வசதி பெரிய விடுதலை.

2020 ஜூன் 30-ல் சென்னை ஐ.ஐ.டி. நிரலாக்கம், தரவு அறிவியல் பட்டப்படிப்பை இணையத்தில் தொடங்கியது. ஜே.இ.இ. எழுதாத பிள்ளையும் நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வீட்டு வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெண் தோவாளையைச் சேர்ந்தவள். அப்பா பூச்சந்தையில் கமிஷன் கடையில் வேலை பார்க்கிறார். விடியற்காலையில் சந்தை கூடுவதால் வீடே இரண்டு மணிக்கு விழித்துக்கொள்ளும். அவளும் எழுந்து அப்பாவுக்குச் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, ஐந்து மணி வரை பாடம் கேட்பாள். பகலில் நாகர்கோவிலில் வேறு பட்டப்படிப்பு. 'எப்படி முடியுது மோளே?' என்று கேட்டேன். 'வாராவாரம் அசைன்மென்ட் முடிக்கணும் மாமா. நாலு பேரு சேந்து குரூப்பா வச்சிருக்கோம். ஒருத்தி விட்டுட்டான்னா மத்தவிய விடமாட்டோம்' என்றாள். பரீட்சை எழுத நேரில் மையத்துக்குப் போக வேண்டும். வாரக் கெடு, தோழிகள் குழு, நேரில் எழுதும் தேர்வு, இந்த மூன்றும்தான் அவளைப் பிடித்து நிறுத்துகின்றன. இவை இல்லாத இலவச இணையப் படிப்புகளில் சேர்கிறவர்களில் பத்துக்கு ஒருவர் முடிப்பதே அரிது என்பது உலகெங்கும் கண்ட அனுபவம்.

நர்சிங் முடித்த எங்கள் ஊர்ப் பெண்கள் வெளிநாட்டு வேலைக்காக ஜெர்மன் மொழியை வீட்டிலிருந்தே படிக்கிறார்கள். கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. பாடம் கேட்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். பட்டணத்துக்குப் போய் விடுதியில் தங்கிப் படிக்க வீட்டில் விடாத பெண்பிள்ளைகளுக்கு இந்தத் திரை ஒரு வாசல். தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவலில், ஊருக்குள் ஆங்கிலப் பள்ளி வருவதையே எதிர்க்கும் ஒரு பெரிய மனிதர் வருவார். அப்படிப்பட்ட பூட்டிய கதவுகளுக்குள்ளும் இன்று பாடம் நுழைந்துவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே இணையத்தைக் கும்பிடலாம் என்று நினைக்கிறேன்.

தீமைகளில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், எல்லா வீட்டிலும் தெரிந்தவை. கண்வலி, கழுத்துவலி, வகுப்புக்கென்று வாங்கிய போன் விளையாட்டுக்குப் போவது. 2020 ஜூலையில் மத்திய அரசின் வழிகாட்டுதல், எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு வகுப்புகளுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்று சொன்னது. எத்தனை பள்ளிகள் கேட்டன என்பது பெற்றோருக்குத் தெரியும். 2021 மே மாதத்தில் சென்னைப் பள்ளியொன்றைப் பற்றி எழுந்த பாலியல் புகாருக்குப் பின், இணைய வகுப்புகளைப் பதிவு செய்து கண்காணிக்க வேண்டும் என்று தமிழக அரசு உத்தரவிட்டது. திரைக்குப் பின்னால் பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் பெற்றோர் கவனம் தளர்ந்திருந்ததை அந்தச் சம்பவம் காட்டிக் கொடுத்தது.

கல்லூரிகளில் நடந்தது நீண்டகாலக் காயம். கல்லூரிகளில் படித்த 9.69 லட்சம் பேருக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிபி டேட்டா தந்தது தமிழக அரசு. நல்ல காரியம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து எழுதி, படமெடுத்து, பதிவேற்றும் தேர்வுகள் மதிப்பெண்ணின் மானத்தை வாங்கிவிட்டன. 2020-ல் அரியர் பாடங்களுக்குக் கட்டணம் கட்டியவர்கள் எல்லாம் தேர்ச்சி என்ற அறிவிப்பு வந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பிறகு கல்லூரி திறந்து நேரில் தேர்வு என்றபோது, வீட்டிலிருந்தே எழுத விடுங்கள் என்று மாணவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. லேத் மிஷினைத் தொடாமல் இயந்திரவியலும், குடுவையைப் பிடிக்காமல் வேதியியலும் படிக்க வைத்துவிட்டு, பயப்படாதே என்றால் எப்படி?

இந்த இடைவெளியில் வணிகம் நுழைந்தது. கண்ணூர் அழீக்கோட்டில் பிறந்த ஓர் ஆசிரியர் தொடங்கிய பைஜூஸ், 2015-ல் செயலியை வெளியிட்டு, 2022-ல் 22 பில்லியன் டாலர் மதிப்புள்ள நிறுவனம் என்று பேசப்பட்டது. விற்பனை முறை பற்றிய புகார்களுக்காக 2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைவருக்கு அழைப்பாணை அனுப்பியது. 2024 ஜூலையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. பள்ளிகள் திறந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது என்பதை இதில் கவனிக்க வேண்டும். பெற்றோர் பிள்ளைகளைத் திரையிடம் ஒப்படைத்தது வேறு வழியில்லாததால்தான், விரும்பி அல்ல.

தொழில்நுட்பமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. டெல்லியில் 619 மாணவர்களை வைத்து முரளிதரனும் சிங்கும் அலெஹாண்ட்ரோ கனிமியனும் செய்த, மைண்ட்ஸ்பார்க் என்ற கல்வி மென்பொருள் பற்றிய ஆய்வில், நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் கணிசமான முன்னேற்றம் தெரிந்தது. அங்கே கணினி ஒவ்வொரு பிள்ளையின் உண்மையான நிலையைக் கண்டு அதற்கேற்ற கணக்கைக் கொடுத்தது. ஏழாம் வகுப்பில் இருந்தாலும் நான்காம் வகுப்புக் கணக்கே வராத பிள்ளைக்கு நான்காம் வகுப்புக் கணக்கு. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியரால் இதைச் செய்வது மிகக் கடினம். ஆனால் அந்தப் பிள்ளைகள் வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கவில்லை. பள்ளி விட்டதும் ஒரு மையத்துக்கு வந்தார்கள், அங்கே சொல்லித்தர ஆள் இருந்தார்.

அப்படியொரு மையத்துக்கு எங்கள் மாவட்டத்தில் புதுக் கட்டடம்கூடத் தேவையில்லை. பங்குக் கோயில்களின் மண்டபங்கள், சி.எஸ்.ஐ. சபைக் கூடங்கள், ஊர்க்கோயில் கலையரங்குகள், கிளை நூலகங்கள், பல ஊர்களில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் வாசகசாலைகள் இருக்கின்றன. அரசு உயர்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் நாலரை மணிக்குப் பூட்டப்படுகின்றன. 2023-ல் பள்ளிக்கல்வித்துறை வெளியிட்ட மணற்கேணி செயலியில் தமிழில் நல்ல காணொளிகள் இருக்கின்றன. இல்லம் தேடிக் கல்வியில் பழகிய அக்காமார் தெருவுக்கு ஒருவராவது உண்டு. கம்பி வழி இணைப்பு ஒன்று, நான்கு கணினிகள், மாலையில் மூன்று மணி நேரம், கௌரவமான சம்பளத்தில் ஓர் அக்கா. ஆயிரம் ரூபாயில் அல்ல. அந்த ஆயிரம் ரூபாய் ஒரு மாநிலத்தையே மீட்க உதவிய பெண்களுக்கு நாம் பட்ட கடன், கொடுத்த சம்பளம் இல்லை. முதலில் தச்சமலையிலும் வள்ளவிளையிலும் தொடங்கட்டும், நாகர்கோவிலில் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சென்ற மாதம் குலசேகரம் போயிருந்தேன். அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்த பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு. கூரைக்கு ஓடு போட்டுவிட்டார்கள், மழைச் சத்தம் முன்போல் இல்லை. போனில் இயற்கணிதக் காணொளி ஓடிக்கொண்டிருந்தது, அதே நாழியில் சாய்ந்தபடி. இரண்டு முறை பின்னால் ஓட்டிக் கேட்டான். நோட்டில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினான். அப்புறம் படத்தை நிறுத்திவிட்டு, 'மாமா, செத்த இங்க வந்து இரிங்க. இந்த மைனஸ் எப்படி பிளஸ் ஆச்சு?' என்றான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.